கொடி கட்டினால் நின்ற வண்டி

இதை எழுதுகிற மேசைமேல் ஒரு சாண் வயர் கிடக்கிறது. நடுவில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, அதன்மேல் மெழுகு தேய்த்த நூலால் இறுக்கிக் கட்டியிருக்கிறது. நூல் இடதுபக்கமாகச் சுற்றிப் போகிறது. இந்த வட்டாரத்தில் நூலை அப்படிச் சுற்றுகிற இடதுகைக்காரன் ஒருவன்தான் இருந்தான். டியூபைக் கீறிப் பார்த்தேன். வயரின் தோல் உரிந்து உள்ளே செம்பு கறுத்துக் கிடந்தது. கருகிய ரப்பரின் நாற்றம் ஒன்பது வருஷம் கழித்தும் லேசாக வந்தது. எனக்கு வந்தது கோபம். துக்கம் இல்லை. நீ எதிரில் இருந்திருந்தால் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன்.

போன மாதம் உன் வண்டி என்னிடம் வந்தது. நீ உயிரோடு இருந்தவரை கடைசி ஒன்பது வருஷம் அது என் ஒர்க்ஷாப்பு வாசலில் ஏறியதில்லை. நீ போனபிறகு உன் வீட்டுக்காரி அதை வெள்ளறடைப் பக்கம் ரப்பர் ஷீட்டு ஏற்றுகிற ஒருவருக்குக் கொடுத்துவிட்டாள். அவருக்கு நம் கதை தெரியாது. ஹாரன் சில நேரம் அடிக்கிறது, சில நேரம் அடிக்கவில்லை என்று கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். டாஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்து மல்லாந்து படுத்தேன். முதலில் கண்ணில் பட்டது ஹாரன் வயர் இல்லை, கொடிக்கம்பத்துக்காக வைத்த கிளாம்பின் போல்ட்டு.

அந்தப் போல்ட்டைப் போட்டவன் நான். போட்டபோது அது தகரத்துக்கு உள்பக்கம் இரண்டு விரல் நீளம் நீட்டிக்கொண்டிருந்தது. இப்போது அதை நட்டோடு ஒட்ட அறுத்து, அரம் போட்டு மழுக்கியிருந்தது. அதற்குப் பக்கத்தில், சுவிட்சிலிருந்து, இன்ஜினுக்குப் பொறி கொடுக்கிற இக்னிஷன் காயிலுக்குப் போகிற வயரில், இந்த இடதுகைக் கட்டு.

அந்தக் கட்டோடு வயரை ஒரு சாண் வெட்டி எடுத்தேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உனக்கு ஒன்பது வருஷத்துக்கு முன்பே விளங்கியிருக்கிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த வருஷங்களில் நமக்கு முப்பது வயது. பாறசாலையிலும் நெய்யாற்றங்கரையிலும் எந்தச் சந்தியில் நின்றாலும் பேச்சு ஒன்றுதான், நம் தாலுகா தமிழ்நாட்டோடு சேரவேண்டும். நான் வாய்ச்சொல் வீரன். நீ பேசவில்லை, வண்டியைக் கொடுத்தாய். யுத்தம் முடிந்து ஏலத்தில் விட்ட பட்டாளத்து வண்டி, பின்னால் அயனிப் பலகையில் நீயே கூடு அடித்தது. வாரத்தில் ஐந்து நாள் மரச்சீனிக் கிழங்கும் தேங்காயும் ஏற்றுவாய். கூட்டம் என்றால் ஆள் ஏற்றுவாய். பெட்ரோலுக்குக்கூட நீ வாய் திறந்து கேட்டதில்லை.

கொடியைக் கையில் பிடித்துக்கொண்டு போவது எனக்குப் பிடிக்கவில்லை. வண்டியிலேயே கொடி நிற்கவேண்டும், நாலு ஊருக்குத் தெரியவேண்டும் என்று ஆசை. கண்ணாடிக்கு முன்னால், இடதுபக்கத் தகரத்தில் துளை போட்டுக் கிளாம்பு வைத்தேன். நீ உள்ளே குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாய்.

"போல்ட்டு நீளம் கூடுதலாக்கும் மக்கா."

"கெடக்கட்டும். கொடி ஆடப்பிடாதில்லா?"

அதோடு நீ விட்டுவிட்டாய். என் ஒர்க்ஷாப்பில் என் பேச்சுக்கு மேல் நீ பேசமாட்டாய். அந்த மரியாதை நாசமாய்ப் போக.

இரண்டு கூட்டம் கழிந்து வண்டிக்கு நோய் வந்தது. அமரவிளை தாண்டிப் போகும்போது, யாரோ சுவிட்சை அணைத்ததுபோல இன்ஜின் செத்துவிட்டது. ஆட்கள் இறங்கித் தள்ளப் போனார்கள். தள்ளுமுன்பே, செல்ஃபைத் தொட்டதும் ஓடியது. அடுத்த கூட்டத்துக்கும் அப்படியே. அதற்கடுத்ததற்கும்.

ஒரு சனிக்கிழமை முழுக்க நாம் அதை உரித்துப் போட்டது நினைவிருக்கும். பாட்டரி முனைகளை வெந்நீர் விட்டுக் கழுவினோம். பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்தோம். கண்டன்சரை மாற்றினோம். காயில் சூடேறினால் சாகிறதோ என்று ஒற்றசேகரமங்கலம் ஏற்றத்தில் இரண்டு முறை ஏறி இறங்கிப் பார்த்தோம். பானட்டில் கைவைக்க முடியாத சூடு. வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை. நீ மட்டும் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாய்.

"நிக்கிய நேரம் ஆம்பியர் முள்ளு ஒரேயடியா கொறயிற பக்கம் சாடுது. நான் கண்ணால பாத்தேன்."

முள் அந்தப் பக்கம் சாடுகிறது என்றால் கரண்டு எங்கேயோ வண்டியின் பாடித் தகரத்தைத் தொட்டு எர்த் ஆகிறது என்று அர்த்தம். தொழில் தெரிந்தவன் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வயரைத் தடவிக்கொண்டே போயிருப்பான். நான், "நீ பதறிப்போய்ப் பாத்திருப்ப" என்றேன்.

வண்டி ஒவ்வொரு முறையும் என்னிடம் வந்தது கொடி இல்லாமல். சூரியன் சாய்ந்தால் கொடியைக் கம்பத்தோடு பிடுங்கி என் வீட்டில் கொண்டுவந்து வைக்கவேண்டும், ஆளில்லாத வண்டியில் கொடி நிற்கக்கூடாது என்று சட்டம் போட்டதே நான்தான். ஆக, கம்பம் நட்டு நாம் ஒருநாளும் சோதித்ததில்லை. கூட்டத்துக்குப் போகும்போதோ, புட்போர்டில் தொங்குகிறவர்களுக்குப் பிடிக்க வேறொன்றும் கிடையாது. இரண்டுபேர் மூன்றுபேர் கம்பத்தைப் பிடித்துத் தொங்குவார்கள். கம்பம் சாயும். உள்ளே போல்ட்டின் வால் சாய்ந்து வயரை நெருக்கும், தோலைத் தின்னும், செம்பைத் தொடும். இன்ஜின் சாகும். தள்ளுவதற்காக ஆட்கள் இறங்கினால் கம்பம் நிமிரும், வயர் விடுபடும், வண்டி ஓடும். இவ்வளவுதான். நான் போட்ட துளை, நான் போட்ட போல்ட்டு, நான் போட்ட சட்டம்.

"கொடி கட்டினா நிக்குது, மரச்சீனி ஏத்தினா ஓடுது" என்று ஊரில் ஒரு சொல் கிளம்பியது. முதலில் அது வேடிக்கைதான். நீயும் சிரித்தாய்.

பிறகு அந்த நாள். கூட்டத்தில் தடியடி நடந்து, இருபது பேருக்கு மேல் உன் வண்டியில் தொற்றிக்கொண்டார்கள். நான் வேறு பக்கமாக ஓடினேன். என் மனைவியின் தம்பி தங்கையன் புட்போர்டில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். பின்னால் போலீஸ் வண்டி. வளைவில் உன் வண்டி செத்தது. எல்லோரும் குதித்து மரச்சீனித் தோட்டத்துக்குள் ஓடினார்கள். அவர்கள் இறங்கினதும் உன் இன்ஜின் உறுமியது. நீ வண்டியை முன்னால் எடுத்தாய். "ஏறுங்க, ஏறுங்க" என்று கத்தினதாகச் சொன்னாய். கத்தியிருப்பாய். தோட்டத்துக்குள் ஓடுகிறவன் காதில் அது விழுமா? அவர்கள் திரும்பிப் பார்த்தபோது கண்டது ஒன்றுதான். தங்களை போலீஸ் முன்னால் இறக்கிவிட்டு, வண்டி கொடியோடு போய்க்கொண்டிருக்கிறது.

ஆறு பேர் பிடிபட்டார்கள். தங்கையனுக்கு இடது காதின்மேல் லத்தி விழுந்தது. அந்தக் காது அதோடு போயிற்று.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து, சபை முற்றத்தில் ஆண்கள் கூடினார்கள். சபைக் கமிட்டிக்காரர் என்னிடம்தான் கேட்டார்.

"எலே, நீயில்லா வண்டியப் பாத்தது. அதுக்கு என்ன கேடு?"

"ஒரு கேடும் இல்ல" என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். "முள்ளு சாடிச்சு மக்கா. உனக்கிட்ட எத்தன தடவ செல்லியாச்சு" என்றாய். மெதுவாகத்தான் சொன்னாய்.

காதில் துணிக்கட்டோடு தங்கையன் பக்கத்தில் நின்றான். வீட்டில் என் மனைவி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. நான் சொன்னது அத்தனை பேருக்கும் கேட்டது.

"கேடு வண்டியில இல்ல, ஸ்டியரிங் பிடிக்கிய கையிலயாக்கும்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கேடு எங்கே என்று கண்டுபிடிக்கத் தெரியாத மெக்கானிக் டிரைவரைக் கேடு என்றேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் ஊர் இரண்டு பட்சமாகப் பிரிந்திருக்கும். சொன்னது நான். உன் சேக்காளி, வண்டியின் ஒவ்வொரு நட்டையும் கழற்றி மாட்டினவன். அதற்குமேல் சாட்சி வேண்டுமா?

பிறகு நடந்ததை உனக்கு நான் சொல்லவேண்டாம். சபைக் கோயிலில் நீ உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. கல்யாணத்துக்கு வண்டி கேட்டு யாரும் வரவில்லை. மரச்சீனிக்காரர்கள் மாட்டுவண்டி பிடித்தார்கள். நீ மலைப்பக்கம் போய் ரப்பர் ஷீட்டு ஏற்ற ஆரம்பித்தாய். முதலாளி மலையாளி. "பாத்தியா, அவன் அவங்களுக்க ஆளாக்கும்" என்றார்கள். பட்டினி கிடந்திருந்தால் தியாகி என்றிருப்பார்களோ என்னவோ. ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

எல்லை போட்டார்கள். களியக்காவிளை தமிழ்நாட்டுப் பக்கம், நாம் மலையாளத்துப் பக்கம். இத்தனை பேர் அடிவாங்கியும் நம் தாலுகா கிடைக்கவில்லை என்றபோது ஊருக்கு அதற்கொரு காரணம் தேவைப்பட்டது. பெரிய இடத்தில் யார் யாரோ உட்கார்ந்து வரைந்த கோடு. அவர்களைக் கேட்க நம்மால் முடியுமா? நீ அடுத்த தெருவில் இருந்தாய். "இவனப் போல நாலு பேரு இருந்ததினாலயாக்கும் நெய்யாற்றங்கர போச்சு" என்று டீக்கடையில் சொன்னார்கள். ஒரு பழைய வண்டி வளைவில் நின்றதால் ஒரு தாலுகா போயிற்றாம். இதை அவர்கள் சிரிக்காமல் சொன்னார்கள், நானும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். சொன்னவர்களில் பாதிப்பேர் இன்றைக்குப் பிள்ளைகளை மலையாளத்தில் படிக்க வைத்திருக்கிறார்கள். வைக்கட்டும், பிழைக்க வேண்டாமா? நீ பிழைத்தது மட்டும் எப்படித் துரோகமாயிற்று?

ஒருமுறை அமரவிளையில் ஒரு லாரியை நடுரோட்டில் போட்டு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நீ வந்தாய். வண்டியை ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஏளனம் செய்கிறாய் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனாய்.

உன் அடக்கத்துக்கு வந்தேன். கல்லறைத் தோட்டத்தின் வாசலிலேயே நின்றேன். எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். நான் போடவில்லை.

வயரைக் கண்ட அன்று சாயங்காலமே உன் வீட்டுக்குப் போனேன். ஒன்பது வருஷமாக ஏறாத படி. உன் வீட்டுக்காரி முற்றத்தில் தேங்காய் மட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். வயரை நீட்டினேன். அவள் அதைக் கையில் வாங்கவில்லை.

"இது உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணா. நானும் கூடயாக்கும் கண்டுபிடிச்சது."

நான் சபை முற்றத்தில் அந்தச் சொல்லைச் சொன்னதற்கு மறுநாள், நீ ஒரு கமுகுக் கம்பை அந்தக் கிளாம்பில் நட்டு, அவளை அதில் தொங்கச் சொன்னாயாம்.

"நான் பிடிச்சுத் தொங்கினேன், வண்டி நிண்ணு. விட்டேன், ஓடிச்சு. நாலு தடவ அப்பிடி செஞ்சோம். அவரு டாஷ்போர்டுக்க அடியில பாத்திட்டு வந்து திண்டுல இருந்தாரு. பெறவு ரம்பம் எடுத்துப் போல்ட்டுக்க வால அறுத்தாரு."

"பின்ன ஏன் வந்து சொல்லல்ல?"

அவள் மட்டையைக் கீழே வைத்தாள். குரல் ஏறவில்லை, ஆனால் கோபம் இருந்தது. இருக்காதா?

"செல்லுங்கண்ணு நான் எத்தன நாளு சண்ட பிடிச்சேன் தெரியுமா? 'தங்கையனுக்க காது போனது அவனுக்க போல்ட்டுனாலயாக்கும்ணு நான் போய்ச் செல்லவா? அந்தக் குடும்பம் ரெண்டாப் போவும். அவன் வந்து கேக்கட்டும். கேட்டா பானட்டத் தொறந்து காட்டுதேன், ரெண்டு பேருமா என்ன செய்யலாம்ணு பாக்கலாம்.' இதயேயாக்கும் கடைசி வரைக்கும் செல்லினாரு. நீங்க வரல்ல அண்ணா."

காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டாள். வேண்டாம் என்று படியிறங்கினேன்.

கேட்பதுதானே என் தொழில். வண்டி வந்து நின்றால் பானட்டைத் திறக்குமுன் டிரைவரைக் கேட்பேன். எப்போது நின்றது, ஏற்றத்திலா இறக்கத்திலா, நிற்கும்போது என்ன சத்தம், முள் என்ன செய்தது, யார் யார் வண்டியில் இருந்தார்கள். முன்பின் தெரியாதவன் சொன்னாலும் நம்பித்தான் தொடங்குவேன். நம்பாமல் விட்டது உன் ஒருவனைத்தான். இந்தக் கோபத்தில் முக்கால் பங்கு என்மேல். அதை நான் மறைக்கவில்லை.

மீதிக் கால் பங்கு உன்மேல், அதை உனக்கு விட்டுத்தர எனக்கு மனமில்லை. என்னை யார் காப்பாற்றச் சொன்னது? என் குடும்பம் இரண்டாகும் என்று நீ எப்படித் தீர்மானித்தாய்? என் சட்டையைப் பிடித்து இழுத்துவந்து அந்தப் போல்ட்டின் முன்னால் என் மூக்கைத் தேய்த்திருக்கவேண்டும். தேய்த்திருந்தால் அழுதிருப்பேன், தங்கையன் என்னை அடித்திருப்பான், நீ விலக்கிவிட்டிருப்பாய், மூன்றுபேருக்கும் இளம்வயது, ஆறிப்போயிருக்கும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஒன்பது வருஷம் உன் தலையில் சுமந்துகொண்டு, நான் கேட்கவேண்டும் என்று காத்திருந்தாயே, அது பெருந்தன்மை மட்டும்தானா? அதில் ஒரு துளி வீம்பு இல்லையா? இருந்தது. உன்னை எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை, அதே முற்றத்தில், அன்று இருந்தவர்களில் மிச்சமிருக்கிறவர்களைக் கூட்டிச் சொன்னேன். வயரைக் காட்டினேன். போல்ட்டைச் சொன்னேன். கமிட்டிக்காரருக்கு இப்போது வயதாகிவிட்டது. வயரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போன ஆளுக்க காரியத்த இனி எதுக்கு மக்கா கெளறுதது? அவரு சமாதானத்துல இருக்காரு."

இன்னொருவர், "அப்பம் தாலுக்கா போனதும் உனக்க போல்ட்டுனாலயா?" என்றார். இரண்டுபேர் சிரித்தார்கள். அன்றைக்கு உன்னைக் குற்றவாளியாக்க ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது அவர்களுக்கு. இப்போது ஒருவராவது உன் வீட்டுப் படியேறி அவளிடம் ஒரு வார்த்தை சொல்வார்களா? இதை எழுதுகிற இன்றுவரை ஒருவரும் போகவில்லை. வெட்கம் கெட்டவர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் வந்தேன். நானும் அதில் ஒருவன் என்பதால் சொல்ல உரிமை உண்டு.

தங்கையனிடம் அதற்கு முன்பே, சனிக்கிழமை, வீட்டில் வைத்துச் சொன்னேன். அவன் வலதுபக்கம் உட்கார்ந்து, நல்ல காதில் சொன்னேன். துளை, போல்ட்டு, கம்பம், எல்லாம். அவன் நின்ற இடத்தையும், அவன் பிடித்த பிடியில்தான் வண்டி நின்றது என்பதையும் சொல்லவேண்டியிருந்தது. முடித்தபோது அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாலாளுக்க முன்ன வச்சு அவரப் பழிச்சேன். ஒறங்கப் போகும்பமும் அவரத்தான் பழிச்சேன். அவரு செத்ததுக்கும் போவல்ல. இனி ஆரப் பழிக்கியது அத்தான்?"

"என்னப் பழி" என்றேன்.

எழுந்து போய்விட்டான். மூன்று வாரம் வரவில்லை. என் மனைவி என்னிடம் சோறு வைக்கமட்டும் பேசினாள்.

நேற்று வந்தான். அக்காள் கூப்பிட்டதற்காக வந்தான். சாப்பாட்டுக்கு உட்காரும்போது எப்போதும் நல்ல காது என் பக்கம் இருக்கும்படி உட்காருவான், ஒன்பது வருஷப் பழக்கம். நேற்று பாயைச் சுற்றிவந்து அந்தப் பக்கம் உட்கார்ந்தான். கேட்காத காது எனக்கு நேராக இருந்தது.

இந்த ஒரு நாளை என் வீட்டுக்கு வரவிடாமல் தடுக்கத்தான் நீ அத்தனை நாள் துரோகியாக நடந்து தீர்த்தாய். வந்துவிட்டது பார். நான் சாகவில்லை. மீன்குழம்பை அவன் பக்கம் நகர்த்தி வைத்தேன். நீ கமுகுக் கம்பு நட்டுக் கண்டுபிடித்ததை, அவள் தொங்கினதை, நீ போல்ட்டை அறுத்ததை, எல்லாவற்றையும் முதலிலிருந்து அந்தச் செவிட்டுக் காதிடம் சொன்னேன். அவன் திரும்பவில்லை, சாப்பிட்டான். அடுத்த வாரமும் வருவான், அடுத்த வாரமும் சொல்வேன். ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் முகத்தை என் பக்கம் திருப்புவான். உன்னிடம் எத்தனை சொன்னாலும் நீ திருப்பப் போவதில்லை.